நகேடா ரீஜன் சேர் (வட்டாரத் தலைவர்) தேர்தல்ல நிக்கறது எப்படி? நான் செஞ்ச வழி, மாட்டிக்கிட்ட இடம் உட்பட

போன மாசம் மட்டும் மூணு பேர் இதே கேள்விய வாட்ஸ்அப்ல கேட்டுட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். அமெரிக்கால காலேஜ்ல அகடமிக் அட்வைசரா (பசங்க படிப்புக்கு வழி சொல்ற வேலை) இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் வருஷக்கணக்கா வேலை பாத்துட்டு, கான்ஃபரன்சுக்கு போயிட்டு, பின்வரிசைல உக்காந்து நோட்ஸ் எடுத்துட்டு திரும்பி வந்துடறாங்க. பொறுப்புக்கு வரணும்னு ஆசை இருக்கு, ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியறதில்ல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முதல் தடவை பேர் குடுத்துட்டு வாபஸ் வாங்கினேன், ரெண்டாவது தடவைதான் ஜெயிச்சேன். எந்த ரீஜன், எந்த யூனிவர்சிட்டின்னு இங்க சொல்லல, ஏன்னா கீழ என் பழைய பாஸ் பத்தி எழுதியிருக்கேன், அவர் யாருன்னு தெரிய வேண்டாம்.

நகேடா (NACADA) அகடமிக் அட்வைசர்களோட சங்கம், அதுக்கு மேல விளக்கப் போறதில்ல, அட்வைசிங்ல இருந்தா உங்களுக்கே தெரியும். ஒண்ணு மட்டும். 1979ல சங்கமா பதிவாகும்போது பேர் நேஷனல் அகடமிக் அட்வைசிங் அசோசியேஷன், இப்ப குளோபல் கம்யூனிட்டின்னு சொல்லிக்கறாங்க. ஆபீஸ் இருக்கறது மன்ஹாட்டன்ல, ஆனா நியூயார்க் மன்ஹாட்டன் இல்ல, கன்சாஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கற கன்சாஸ் மன்ஹாட்டன். இத ஏன் சொல்றேன்னா அவங்க நேரம் சென்ட்ரல் டைம். கலிஃபோர்னியால உக்காந்துக்கிட்டு கடைசி நாள் ராத்திரி வரைக்கும் ஃபாரத்த இழுக்காதீங்க.

ஸ்டெப் 1: உங்க ரீஜன் எதுன்னு பாருங்க

மொத்தம் பத்து ரீஜன். டெக்சஸ், ஓக்லஹோமா, கன்சாஸ், மிசௌரி, ஆர்கன்சா, லூயிசியானா எல்லாம் ஏழாவது. கலிஃபோர்னியா, நெவாடா, ஹவாய் ஒன்பதாவது. ஒஹாயோ அஞ்சாவது, ஆனா ஆத்தைத் தாண்டி கென்டக்கி பக்கம் வந்துட்டா மூணாவது. சின்சினாட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு இதுல குழப்பம் வரும், வேலை ஒரு ரீஜன்ல, வீடு இன்னொரு ரீஜன்ல. உங்க மெம்பர் ப்ரொஃபைல்ல எந்த ரீஜன்னு போட்டிருக்குன்னு முதல்ல உள்ள போய் பாத்துடுங்க. கனடா மாகாணங்களும் இந்த பத்துக்குள்ளயே வரும், ஒன்டாரியோல இருந்தா நீங்களும் அஞ்சாவதுதான்.

அப்படியே அந்த வருஷம் உங்க ரீஜனுக்கு சேர் தேர்தல் உண்டான்னும் பாத்துக்கங்க. சேர் பதவி ரெண்டு வருஷம், அதனால எல்லா ரீஜனுக்கும் ஒரே வருஷத்துல வராது.

ஸ்டெப் 2: நேரா சேர் பதவிக்கு பாயாதீங்க

இது என் கருத்து, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. ஒரு ரீஜன்ல சேரோட சேர்ந்து வேலை பாக்க ஸ்டீரிங் கமிட்டி இருக்கும், அதுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் லையசான்னு (தொடர்பாளர்) ஒருத்தர் இருப்பாங்க. அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காம தேடிட்டே இருப்பாங்க, நம்புங்க. ஒரு மெயில் போட்டாலே பேசுவாங்க. யார் எப்படி தேர்ந்தெடுப்பாங்கங்கறது ரீஜனுக்கு ரீஜன் மாறும், இப்ப இருக்கற சேர்கிட்டயே நேரா கேளுங்க.

அதுக்கும் முன்னாடி கான்ஃபரன்ஸ்ல பேச விரும்பறவங்க அனுப்பற ப்ரொப்போசல்கள படிச்சு மார்க் போடற வேலை. யாருக்கும் தெரியாத வேலை, ஆனா ஒரு சீசன் செஞ்சாலே ரீஜன் முழுக்க யார் என்ன யோசிக்கறாங்கன்னு கைல வந்துடும். மாநில அளவுல தனி சங்கம் இருந்தா அதையும் விடாதீங்க, டெக்சஸ்காரங்களுக்கு டெக்ஸான் இருக்கு, அங்க ஒரு கமிட்டில இருந்துட்டு வந்தா கூட்டம் நடத்தற பழக்கம் வந்துடும்.

ஸ்டெப் 3: பாஸ்கிட்ட பேசறது (இங்கதான் நான் மாட்டினேன்)

இத நிதானமா படிங்க. மத்த ஸ்டெப்ப எல்லாம் வேகமா தாண்டினாலும் பரவால்ல.

முதல் தடவை நான் பாஸ்கிட்ட எப்படி கேட்டேன்னா, காரிடார்ல. காபி எடுக்கப் போற வழில, "ரீஜன் சேருக்கு நிக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னேன், அவர் "ஓ சூப்பர், கண்டிப்பா நில்லுங்க"ன்னார். நான் அத அனுமதின்னு எடுத்துக்கிட்டு சந்தோஷமா பேர் குடுத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த வருஷ ட்ராவல் பட்ஜெட் வந்துச்சு, அதுல என் பேருக்கு ஒரு கான்ஃபரன்சுக்குகூட காசு இல்ல. போய் கேட்டா, "நீங்க ஏதோ ஆர்வத்துல சொன்னீங்கன்னு நினைச்சேன், இவ்ளோ நாள் வெளிய போகணும்னு சொல்லவே இல்லையே"ன்னார். அவர் சொன்னது நிஜம், நான் சொல்லவே இல்ல. ஆனா எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா என் பேர எழுதிக் குடுத்தவங்களுக்கெல்லாம் மெயில் போட்டு வாபஸ் வாங்கறேன்னு சொல்லணும். சொன்னேன். ஒவ்வொரு மெயிலையும் பத்து தடவை திருத்தி அனுப்பினேன்.

கஷ்டம் எங்க இருக்குன்னா காலண்டர்ல. ரீஜன் கான்ஃபரன்ஸ் எல்லாம் வசந்த காலத்துல வரும், பிப்ரவரிலேர்ந்து மே மாசத்துக்குள்ள. அதே நேரம்தான் பசங்க அடுத்த ஃபால் செமஸ்டருக்கு ரெஜிஸ்டர் பண்ண வரிசைல நிப்பாங்க. வருஷாந்திர கான்ஃபரன்ஸ் செப்டம்பர் அக்டோபர் வாக்குல, அப்பவும் ஆபீஸ் சும்மா இருக்காது. அதனால உங்க பாஸுக்கு மனசுல முதல்ல ஓடற கேள்வி காசு இல்ல, "இவங்க பசங்கள யார் பாப்பாங்க?"ங்கறதுதான். அதுக்கு பதில் இல்லாம போகாதீங்க.

ரெண்டாவது தடவை நான் என்ன செஞ்சேன்னா, அரை மணி நேரம் தனியா அப்பாயின்ட்மென்ட் போட்டேன். ஒரே ஒரு பக்கம் எடுத்துட்டு போனேன். அதுல மேல, ரெண்டு வருஷத்துல நான் ஆபீஸ்ல இல்லாத நாள் எல்லாம் மாசவாரியா. அதுக்குக் கீழ, அந்த நாள்ல என் அட்வைசீக்கள யார் பாப்பாங்க, அவங்களுக்கு பதிலுக்கு நான் எந்த வாரம் கவர் பண்ணுவேன், இத அவங்ககிட்ட முன்னாடியே பேசி ஒத்துக்க வெச்சுட்டேன். அப்புறம் செலவு, எதுக்கு சங்கம் உதவும், எதுக்கு நம்ம காலேஜ் குடுக்கணும்னு பிரிச்சு, இப்ப இருக்கற சேர்கிட்ட கேட்டு எழுதினது. கடைசில நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு இதனால என்ன கிடைக்கும்னு ரெண்டு வரி. "பேர் வரும்"னு எழுதாதீங்க, அது யாரையும் அசைக்காது. நான் எழுதினது, வேற காலேஜ்லேர்ந்து மாறி வர்ற ட்ரான்ஸ்ஃபர் ஸ்டூடன்ட்ஸ், முன்னாடி வாங்கின க்ரெடிட் வீணாப் போற பிரச்சனைய பக்கத்து மாநில காலேஜ்கள் எப்படி சமாளிக்கறாங்கன்னு நேர்ல கேட்டு வந்து நம்ம டீமுக்கு சொல்றேன்னு. அது எங்க டீனுக்கு அந்த வருஷம் உண்மையான தலைவலி.

பேசி முடிச்சதும் அன்னிக்கே மெயில். "இன்னிக்கு பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு, ஒத்துக்கிட்டத எல்லாம் வரிசையா எழுதி, சரியான்னு கேட்டு. அவர் "சரி"ன்னு ஒரு வார்த்தைல பதில் போட்டார். அந்த ஒரு வார்த்தை வந்த அப்புறம்தான் ஃபாரத்தையே திறந்தேன்.

ஸ்டெப் 4: பேர் குடுக்கறது

நாமினேஷன நாமளே நமக்கு குடுத்துக்கலாம். நமக்கு இது ரொம்ப கூச்சம், கூப்பிடாத விருந்துக்கு போய் பந்தில உக்கார்ற மாதிரி இருக்கும். எங்க அம்மாகிட்ட சொன்னப்போ, "அவங்களா கேக்கலையா, நீயா போய் கேக்கற?"ன்னாங்க. ஆனா இங்க அப்படி யாரும் பாக்கறதில்ல. யாராவது நம்ம பேர சொல்வாங்கன்னு காத்திருந்தே எனக்கு மூணு வருஷம் போச்சு, நீங்க அத செய்யாதீங்க.

ஸ்டெப் 5: வேட்பாளர் அறிக்கை

ஓட்டு போடறவங்கள்ல நிறைய பேருக்கு நம்மள தெரியாது, இந்த அறிக்கைய மட்டும்தான் படிப்பாங்க. என் முதல் டிராஃப்ட் அட்வைசிங் பத்தி எழுதின க்ரூக்ஸ்டன் 1972ல சொன்ன, அட்வைசிங்கும் பாடம் நடத்தறது மாதிரிதான்ங்கற கருத்தோட ஆரம்பிச்சுது. ஒரு சீனியர் படிச்சிட்டு அந்த பத்தி முழுசையும் அடிச்சிட்டாங்க. "இது எல்லாருக்கும் தெரியும், உன் ரீஜன்ல ஒரு சின்ன கம்யூனிட்டி காலேஜ்ல தனியா உக்காந்திருக்கற அட்வைசருக்கு நீ என்ன செய்வ, அத சொல்லு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அறிக்கை உருப்பட்டுச்சு. கான்ஃபரன்சுக்கு வர வசதி இல்லாதவங்களுக்கு ஆன்லைன்ல மாசாமாசம் ஒரு மணி நேரம், அவ்ளோதான் என் வாக்குறுதி. ஒண்ணே ஒண்ணு, செய்யக்கூடியது.

அட்வைசருக்கு என்னென்ன திறமை வேணும்னு நகேடா 2017ல கொண்டுவந்த கோர் காம்பிடென்சி மாடல்ல கான்செப்சுவல் (கருத்து), இன்ஃபர்மேஷனல் (தகவல்), ரிலேஷனல் (ஆளுங்களோட பழகறது)னு மூணு இருக்கில்லையா, நீங்க செஞ்ச வேலைய அந்த மூணுல வெச்சு ஒரு தடவை பேப்பர்ல பிரிச்சு பாருங்க. என்னோடது முழுக்க இன்ஃபர்மேஷனல் பக்கமே சாஞ்சிருந்துச்சு, கோர்ஸ், பாலிசி, ஃபாரம்னு. ஆளுங்களோட வேலை பாத்தத எழுதவே இல்ல, தலைமைப் பொறுப்புக்கு அதுதானே முக்கியம்.

ஸ்டூடன்ட் கதை எழுதறதா இருந்தா ரொம்ப கவனம். பேர் போடலன்னாலும் ஊர், மேஜர், வருஷம் மூணும் சொன்னா சின்ன காலேஜ்ல ஆள கண்டுபிடிச்சிடுவாங்க. ஃபெர்பா, ஸ்டூடன்ட் பத்தின தகவல வெளிய விடக்கூடாதுங்கற சட்டம், 1974லேர்ந்து இருக்கு, நம்ம தினமும் சொல்றதுதான், தேர்தல் வேகத்துல மறந்துட வேண்டாம்.

கூகுள் டாக்ஸ்ல எழுதுங்க, வேர்ட் அட்டாச்மென்ட் வேணாம், மூணு பேர் திருத்தினா ஏழு காப்பி வந்து நிக்கும். சாட்ஜிபிடிகிட்ட எழுதி வாங்காதீங்க, நான் ரெண்டு பேரோட அறிக்கைய அடுத்தடுத்து படிச்சப்ப ஒருத்தரே எழுதின மாதிரி இருந்துச்சு. எழுதி முடிச்சதும் போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. மூச்சு முட்டற இடத்துல வாக்கியத்த உடைங்க.

ஸ்டெப் 6: ஓட்டு

ஆன்லைன்லதான். ஓட்டு கேக்கற விஷயத்துல என்ன செய்யலாம், என்ன கூடாதுன்னு தேர்தல் பக்கத்துல முழுசா படிச்சிட்டு அப்புறம் லிங்க்ட்இன்ல எழுதுங்க. ஆபீஸ் மெயில் லிஸ்ட்ட இதுக்கு தொடவே தொடாதீங்க.

அப்டேட்: ஒருத்தங்க கமென்ட்ல சொன்னாங்க, அவங்களுக்கு ஓட்டுச்சீட்டு மெயிலே வரலன்னு. பாத்தா, மெம்பர்ஷிப்ப பழைய காலேஜ் கட்டியிருக்கு, வேலை மாறினதும் அந்த மெயில் ஐடி செத்துப் போச்சு, சந்தாவும் முடிஞ்சு போச்சு. நீங்க நிக்கறீங்கன்னா உங்களோடதையும், உங்களுக்கு ஓட்டு போடறேன்னு சொன்ன நண்பர்களோடதையும் முன்னாடியே பாக்க சொல்லுங்க. நான் இப்ப சொந்த ஜிமெயில்தான் குடுத்திருக்கேன்.

இன்னொரு அப்டேட்: பாடம் எடுக்கற ப்ரொஃபசர், கூடவே அட்வைசிங்கும் பாக்கறேன், நான் நிக்கலாமான்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். தாராளமா. ஃபேகல்டி அட்வைசர்களும் மெம்பர்தான். ஆனா அண்ணே, உங்க ஸ்டெப் 3 என்னோடத விட கஷ்டம், உங்களுக்கு டிபார்ட்மென்ட் சேர், அட்வைசிங் டைரக்டர்னு ரெண்டு பாஸ். ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா போகாதீங்க, ஒரே ரூம்ல உக்கார வெச்சு அந்த ஒரு பக்கத்த காட்டுங்க. வகுப்பு இருக்கற நாள எல்லாம் வேற கலர்ல போட்டு எடுத்துட்டு போங்க.