உடம்பு முடியாத நாட்களிலும் தாம்பத்திய நெருக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

நாள்பட்ட நோயோ தீராத அசதியோ வந்துவிட்டால் முதலில் தள்ளிப்போவது தாம்பத்தியம்தான். முடியாதவருக்குக் குற்ற உணர்வு, துணைக்கோ தொட்டால் வலிக்குமோ என்ற பயம். இருவருமே வாய் திறப்பதில்லை.

முதல் படி, பேசுவது. படுக்கையில் வேண்டாம், பகலில் பேசுங்கள். "உங்கமேல ஆசை குறையல, சாயங்காலம் ஆனா இடுப்பு விட்டுப்போகுது" என்று உள்ளதைச் சொன்னாலே பாதி மனத்தாங்கல் தீரும்.

இரண்டாவது, நேரம். இரவில்தான் என்று சட்டமா என்ன? எப்போது தெம்பு இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பலருக்குக் காலைதான் சரிப்படும். வலி மாத்திரை எடுப்பவர்கள் அது வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக்கொள்ளலாம். மூட்டு இறுக்கத்துக்கு வெந்நீர்க் குளியல் உதவும்.

மூன்றாவது படியை அவசரப்படாமல் செய்யுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். இன்று உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் கால் மணி நேரம் மற்றவரின் முதுகு, தோள், கை, பாதம் என்று மெல்லத் தொட வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் இப்போதைக்கு வேண்டாம். படுத்திருப்பவர் எது இதம், எது வலி என்று மட்டும் சொன்னால் போதும். அப்புறம் முறை மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம், அதில் தப்பே இல்லை. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970 வாக்கில் பரப்பிய பயிற்சி இது. 'முடிக்க வேண்டும்' என்ற பதற்றம் விலகினால் ஆசை தானாக எட்டிப்பார்க்க இடம் கிடைக்கும். சில முறை பழகிய பிறகு, இருவருக்கும் விருப்பமிருந்தால் மேலே போகலாம்.

அப்படிப் போகும்போது, இருவரும் ஒருக்களித்துப் படுத்து, வலிக்கும் இடத்துக்குத் தலையணை கொடுங்கள். வறட்சி இருந்தால் நீர் சார்ந்த ஜெல் போதும். எண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையைக் கெடுத்துவிடும்.

கடைசியாக மருத்துவர். மனச்சோர்வு மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள், ஆண்குறி விறைப்புக்குத் தரப்படும் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மாரடைப்பு வந்தவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், அவருக்கு இது பழகிய கேள்விதான்.