டயாலிசிஸில் இருப்பவர் ‘சோர்வா இருக்கு’ என்றால் வீட்டில் என்ன பார்க்கணும்?

நான் மதுரையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஊசி போடுவது, மெஷினைக் கவனிப்பது, இதுதான் வேலை. ஆனால் ஒரு ஷிஃப்ட் நாலு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே முகங்கள். யாருக்கு மனசு விட்டுப்போகிறது என்று எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தெரியணும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு நோய் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கண்டுபிடிப்பதுதான் சிரமம். அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் கிட்னி பழுதானாலே வரும். அதனால் உடம்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆசையைப் பாருங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில், உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கும்போதும் பேப்பரைத் தொடவில்லை, பேரன் வந்தாலும் முகம் மலரவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது வெறும் களைப்பு இல்லை.

எங்கள் யூனிட்டில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருந்தார். தினமும் காலையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) மேல் விரலை வைத்து அந்த அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஓடி வரணும். ஒருநாள் அவர் மனைவி, “இப்பல்லாம் அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பாக்குறதில்ல தம்பி” என்றார். அதே சமயத்தில்தான் “அரை மணி முன்னாடியே கழட்டி விட்ருப்பா” என்று ஐயா கேட்க ஆரம்பித்திருந்தார். வெயிங் மெஷினில் ஏறினால் எடை வழக்கத்தைவிடக் கூடுதல். தண்ணீர்க் கட்டுப்பாட்டை விட்டுவிட்டார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

மனச்சோர்வு உள்ளவர்கள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் சீக்கிரம் இறப்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. அதற்கு மனச்சோர்வு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வழி எங்கள் கண்முன்னே தெரிகிறது: ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டாலே நுரையீரலில் நீர் கோக்கலாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம்.

முதலில் கிட்னி டாக்டரிடம் போங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா, டிரை வெயிட் (கூடுதல் நீரெல்லாம் எடுத்தபின் இருக்கவேண்டிய எடை) சரியா, அரிப்பால் தூக்கம் கெடுகிறதா என்று கேளுங்கள். இவற்றைச் சரிசெய்தாலே சிலர் தெளிந்துவிடுவார்கள்.

அப்புறம் பேச்சு. டயாலிசிஸ் முடிந்து வந்த அன்றைக்கு வேண்டாம், தலையே நிற்காது. மறுநாள் காலையில் பக்கத்தில் உட்காருங்கள். “தைரியமா இருங்க” என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் பணம், பிள்ளைகளுக்குப் பாரம் என்கிற நினைப்பு வெளியே வரும். சாகணும்னு தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இரவானாலும் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழில் பேசலாம், இலவசம். “எனக்கு டயாலிசிஸே வேண்டாம்” என்றால் அதட்டாமல், அந்த வார்த்தையை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில் டயாலிசிஸ் நாற்காலியிலேயே உட்காரவைத்துக் கவுன்சலிங் கொடுத்தார்கள்; இன்னொரு குழுவுக்கு செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மாத்திரை. 12 வாரத்தில் இரண்டு குழுவும் தேறியது. மாத்திரைக்குப் பலன் சற்றுக் கூடுதல், பக்கவிளைவும் கூடுதல். மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஆரம்பித்ததைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, டயாலிசிஸ் ஃபைலையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.