மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு இடுப்பு வலித்தால் "வயசுதான்" என்று விடாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன்: "மார்பை எடுத்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இடுப்பு வலிக்கு என்ன, வயசுதான்." பெரும்பாலும் அது வயதுதான். ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வேறிடத்துக்குப் பரவினால் அதிகமாகப் போய்த் தங்குவது எலும்பில். 10 ஆண்டு கழித்துக்கூட அது தலைகாட்டலாம். ஓரிடத்திலேயே நிலைத்து, படுத்தாலும் குறையாமல், இரவில் எழுப்பிவிடும் வலி என்றால் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் தைலம் போட்டு அழுத்தி உருவிவிடுவது பெருந்தவறு. அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்திலேயே முறியக்கூடும். கால் மரத்துப்போய், சிறுநீரும் கட்டுப்படாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அந்த இரவே கிளம்ப வேண்டும்.

பரவும் புற்றணுவை விதை என்றும், அது முளைக்கும் உறுப்பை மண் என்றும் 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார். எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. கரையும்போது அதனுள் பொதிந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியேறும். அங்கே வந்து ஒதுங்கிய புற்றணுவுக்கு அதுவே தீனி. தின்று பெருத்த அணு, எலும்பை மேலும் கரைக்கத் தூண்டும். எலும்பைக் காப்பது புற்றுநோய்ச் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைப்பதால் எலும்பு மெலியும். அதற்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு, எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமில ஊசி, நோய் எலும்பில் திரும்புவதை ஓரளவு குறைக்கிறது. ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

கேழ்வரகுக் கூழும் மோரும் நல்லவை. கால்சியம் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது வேறு. நோய் எலும்பில் இருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். தீராத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் அதன் அறிகுறிகள்.

எலும்பு மெலிந்தவர்களுக்கு ஈரமான ஆத்தங்குடிக் கல் தரை ஆபத்தானது. முற்றத்துப் படியோரம் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொன்னால் பழைய வீட்டின் அழகு கெடுமே என்கிறார்கள். கெட்டால் கெடட்டும், ஆச்சி பிடித்து இறங்கக் கம்பி வேண்டும்.