பழைய நிக்கல்-இரும்பு பேட்டரியால் மாடல் டி காரை ஸ்டார்ட் செய்வது எப்படி?

நண்பர் ஒருவரின் ஷெட்டில் எடிசன் வகை நிக்கல்-இரும்பு செல்கள் ஐந்து தூசி மண்டிக் கிடந்தன. ஒவ்வொன்றும் 300 ஆம்பியர்-மணி. அவரிடமே 6 வோல்ட் ஸ்டார்ட்டர் உள்ள ஃபோர்டு மாடல் டி காரும் இருக்கிறது. (ஃபோர்டு அந்த ஸ்டார்ட்டரைக் கொடுக்கத் தொடங்கியது 1919-ல். அதுவரை முன்னால் ஹேண்டிலைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.) இரண்டையும் சேர்த்துவைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் ஒரே தப்பால் போனது.

செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 6. எஃகு டப்பாக்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ரப்பர் வையுங்கள்.

முதலில் புதுக் கரைசலைத் தயார் செய்யுங்கள். பழையதைக் கொட்டிவிட்டு அப்புறம் கலக்க உட்காராதீர்கள். காற்றுப் பட்டால் இரும்புத் தகடு சூடேறிக் கெட்டுவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஒரு லிட்டர் கரைசலுக்குச் சுமார் 250 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. டிஸ்டில்டு வாட்டரில்தான் அதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். ஆறியதும் ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.20 காட்டினால் சரி. எடிசன் இதில் லித்தியம் ஹைட்ராக்சைடும் சேர்த்தார். கிடைத்தால் கொஞ்சம் போடுங்கள். செல்லில் மிச்சமிருக்கும் சார்ஜை முழுக்க இறக்கி, பழையதைக் கொட்டி, உடனே புதியதை ஊற்றுங்கள்.

இனி சார்ஜ். நான் விழுந்த குழி இதுதான். சாதாரண கார்களில் இருக்கும் ஈய பேட்டரிப் பழக்கத்தில் இரண்டு மணிக்கொரு தடவை ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். 1.20. மறுநாளும் 1.20. செல் சார்ஜே ஏற்கவில்லை என்று முடிவுகட்டிக் கரைசலை இரண்டு தடவை மாற்றினேன். ஈய பேட்டரியில் அமிலம் தகடுக்குள் போய்த் திரும்பும், அதனால் அடர்த்தி ஏறி இறங்கும். இங்கே காரம் செலவாவதே இல்லை. காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஹைட்ரோமீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். கரைசல் கிழடாகிவிட்டதா என்று பார்க்க மட்டுமே அது உதவும்.

போதாக்குறைக்கு என் சார்ஜரும் 6 வோல்ட் ஈய பேட்டரிக்கானது, ஏழரை வோல்ட்டிலேயே நின்றுவிடும். இந்த செல்லுக்குக் கடைசியில் 1.8 வோல்ட் வரை வேண்டும், ஐந்துக்கு 9. வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கும் பவர் சப்ளைதான் என் சிபாரிசு. தானியங்கி சார்ஜரை நம்பாதீர்கள். 300 ஆம்பியர்-மணி செல்லுக்கு 60 ஆம்பியர், 7 மணி நேரம். நெடுநாள் கிடந்த செல்லுக்கு முதல் தடவை 12 மணி நேரம் கொடுத்தேன். கரைசல் 46 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்துங்கள். ஹைட்ரஜன் வரும், திறந்த இடத்தில் வையுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது குட்டையான தடித்த கேபிள் போடுங்கள். இக்னிஷனை அணைத்து ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றி எண்ணெயை இளக்கிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். இந்த செல்லுக்குள்ளேயே மின்தடை அதிகம் என்பதால், பெரிய மின்னோட்டம் கேட்டால் வோல்ட் சரிந்துவிடும். 1912 கேடிலாக் காரில் வந்த, பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் ஈய பேட்டரியில்தான் ஓடியது. எடிசன் பேட்டரிக்கு நிதானமாக ஓடும் டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற அந்தக் காலத்து மின்கார்கள்தான் சரியான இடம். சிறிய செல்லை வைத்து முயலாதீர்கள், குளிர்காலையில் பெரியதும் முனகும்.

பின்சேர்க்கை: ஈய பேட்டரிக்குப் பயன்படுத்திய ஹைட்ரோமீட்டரையே விட்டு ஒரு வாசகர் செல்லைக் கெடுத்துக்கொண்டாராம். கொஞ்சம் அமிலம் போதும், செல் வீண். புனலும் தனியாக வேண்டும். என்னுடையதில் சிவப்பு பெயின்ட்டில் ‘காரம்’ என்று எழுதியிருக்கிறேன்.