கவனம் தொலையவில்லை, காவலுக்குப் போயிருக்கிறது

மூன்றாவது தடவையாக அதே பத்தியைப் படிக்கிறார். முதல் வரி புரிகிறது. இரண்டாவது வரியின் பாதியில் எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்தப்படுகிறது. அவ்வளவுதான். கண் புத்தகத்தில் இருக்கிறது, காது வாசலுக்குப் போய்விட்டது. யார் அது, எத்தனை பேர், இந்தப் பக்கம் வருகிறார்களா? ஒன்றுமில்லை என்று தெளிந்து திரும்புவதற்குள் முதல் வரியும் மறந்துபோயிருக்கும். விபத்திலோ போரிலோ வன்முறையிலோ சிக்கி மீண்டு, பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயோடு வாழும் பலருக்கு இது தினப்படி நடப்பது.

கூட இருப்பவர்கள் இதற்கு வைக்கும் பெயர் சோம்பல், அசட்டை. ‘மனசு வைத்தால் முடியும்’ என்று ஒரு அறிவுரை வேறு. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் இந்த நோய் இடம்பெற்றது 1980-இல். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதீத எச்சரிக்கையும், மனம் குவியாமல் போவதும் ஒரே அறிகுறித் தொகுப்பில் சேர்ந்து நிற்கின்றன. அப்படி நிற்பதில் ஆச்சரியமில்லை. கவனம் என்பது அளவான சரக்கு. அதில் பெரும்பங்கு காவலுக்குப் போய்விட்டால், படிப்புக்கும் கணக்குக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த மனிதர் முயற்சி செய்யவில்லை என்பதல்ல, நாள் முழுக்க முயற்சி செய்தே களைத்துப்போகிறார்.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது: நல்ல நாளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. “நேற்று இரண்டு மணி நேரம் அசையாமல் வேலை பார்த்தாயே, இன்றைக்கு மட்டும் என்ன?” என்று கேட்பார்கள். நடிப்போ என்ற சந்தேகம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இந்த ஏற்ற இறக்கம் ஆய்வுக்கூடத்திலேயே தெரிகிற ஒன்று. கணினித் திரையில் மிரட்டும் முகம் ஒன்று, சாதாரண முகம் ஒன்று, அரை நொடி தோன்றி மறையும். இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி வரும். பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். மிரட்டும் முகத்தின் பக்கம் கை வேகமாகப் போனால் கவனமும் அங்கேதான் இருந்தது என்று பொருள். பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் எப்போதும் ஆபத்தையே பார்ப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. அவர்கள் கவனம் ஒரு கணம் ஆபத்தின் மேல் பாய்கிறது, அடுத்த கணம் அதிலிருந்து விலகி ஓடுகிறது. பல ஆய்வுகளில் தனித்துத் தெரிந்தது இந்த ஊசலாட்டம்தான்.

இதிலிருந்து ஒரு பயிற்சியும் பிறந்தது. புள்ளி இரண்டு முகங்களின் இடத்திலும் சமமாக வரும்படி அமைத்து, மிரட்டலை ஒரு பொருட்டாக எடுக்காமல் வேலையைப் பார்க்கப் பழக்குகிறார்கள். இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் முன்னாள் போர்வீரர்களிடம் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவுகளில், ஊசலாட்டமும் குறைந்தது, நோய் அறிகுறிகளும் குறைந்தன. உடனே ‘கவனத்தைக் கூர்மையாக்கும்’ செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொண்டு சிகிச்சையை நிறுத்திவிடுவது அடுத்த தவறு. அதிர்ச்சியை நேராகத் தொட்டுப் பேசும் உளவியல் சிகிச்சைகளுக்குத்தான் இன்றும் வலுவான ஆதாரம் இருக்கிறது.

‘அதை நினைக்காதே’ என்பது எல்லோரும் சொல்வது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கரடிக்கே இந்தக் கதி என்றால், உயிர் போகிற மாதிரி நடந்த ஒன்றை எப்படித் தள்ளி வைப்பது? தள்ளி வைப்பதற்கே பாதிக் கவனம் செலவாகிவிடும்.

தியானம் நல்லதுதான். ஆனால் அதிர்ச்சியில் இருப்பவரை இருட்டறையில் கண்ணை மூடி உட்கார வைத்தால், சிலருக்கு அந்த இருட்டிலேயே பழைய காட்சி ஓட ஆரம்பித்துவிடும். கண்ணைத் திறந்தபடி, கால் தரையில் படுவதையோ எதிரிலுள்ள பொருள்களின் நிறத்தையோ கவனிப்பது பலருக்குச் சுலபம். தூக்கம் கெட்டிருக்கும்போது காபியை ஊற்றிச் சமாளிப்பதும், மதுவைக் குடித்துத் தூங்குவதும் மறுநாளைத்தான் இன்னும் மோசமாக்கும்.

கதவு தெரிகிற மாதிரி இருக்கை வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் வாதம் வேண்டாம். ஆனால் அந்த இருக்கை இல்லாத இடத்துக்கே போவதில்லை என்ற நிலை வந்தால் அது தவிர்த்தல். சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்புறம், இணையத்தில் ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பி ‘எனக்கு ஏ.டி.எச்.டி.’, அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு, என்று முடிவு கட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மருத்துவர் முதலில் கேட்பது, இந்தத் தடுமாற்றம் சிறு வயதிலிருந்தே உண்டா, அந்தச் சம்பவத்துக்குப் பிறகா என்றுதான். சம்பவத்தில் தலையில் அடிபட்டிருந்தால், அன்றைக்கு மயக்கம் வராவிட்டாலும், கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மூளையில் பட்ட அடியும் இதே மறதியையும் தடுமாற்றத்தையும் கொண்டுவரும், அதற்குப் பார்க்க வேண்டிய வைத்தியம் வேறு.