ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை: ஊருக்குள் ஒரு மாலைப் படிப்பகம் தொடங்குவது எப்படி?

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் நாலு மணி வாக்கில் பள்ளிக்கூடம் விட்டுவிடும். தோப்பு வேலைக்கும் பொள்ளாச்சிப் பக்கம் மில் வேலைக்கும் போன அப்பா அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். இடையில் இரண்டு மணி நேரம் பல பிள்ளைகள் தனியாகத்தான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஊரிலேயே ஒரு படிப்பகம் நடத்தலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்திப் பழக்கமே இல்லாதவர்களும் தொடங்கலாம்.

ஏன் ஆறு, ஏழு, எட்டு? பத்தாம் வகுப்பு என்றால் எல்லாரும் ஓடி வருகிறோம். பள்ளியில் சிறப்பு வகுப்பு, கிளப்பில் இரவுப் படிப்பு, போதாததற்கு டியூஷன். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் திணறுகிற பிள்ளையின் சிக்கலைத் தோண்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் பின்னத்திலோ தசமத்திலோ குறை எண்ணிலோ போய் நிற்கும். எல்லாமே நடுநிலைப் பாடங்கள். அதோடு கேரளத்தில் யுபி (நடுநிலை) பள்ளி ஏழாம் வகுப்போடு முடிகிறது. எட்டுக்குப் பல பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போகிறார்கள். பழகிய டீச்சரும் கூட்டாளிகளும் ஒரே மூச்சில் மாறிப்போகிறார்கள். அந்த நேரத்தில் தன்னைத் தெரிந்த ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பாடத்தைவிட அந்த ஆள்தான் முக்கியம்.

முதல் படி: இடம், நேரம்

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். பி.என். பணிக்கர் முன்னின்று 1945-இல் தொடங்கிய நூலகச் சங்கத்தின் புண்ணியத்தில், ஊர் ஊராக வாயனசாலைகள் (ஊர் நூலகங்கள்) இருக்கின்றன. பலவற்றில் மாலையில் பத்திரிகை படிக்க வரும் நாலு பேரைத் தவிர யாரும் இருப்பதில்லை. வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு போய் வாயனசாலைச் செயலாளரைப் பாருங்கள், கையில் ஒரு கடிதத்தோடு. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். படிப்பகம் தொடங்கவும் அது பொருத்தமான நாள். வாயனசாலை இல்லையென்றால் அங்கன்வாடியைக் கேட்கலாம். ஒருவருடைய வீட்டில் மட்டும் வேண்டாம். வெளிச்சம், கழிப்பறை, குடிதண்ணீர் மூன்றும் இருந்தால் போதும்.

வாரத்தில் மூன்று நாள், நாலே முக்கால் முதல் ஆறே கால் வரை. ஆறு நாள் என்று ஆர்வமாகத் தொடங்கி ஓணப் பரீட்சைக்குள் (முதல் பருவத் தேர்வு) மூடிவிட்ட இடங்களை இந்தப் பகுதியில் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் என்றால் மார்ச் வரை தாக்குப்பிடிக்கும்.

இரண்டாம் படி: வழிகாட்டிகளைச் சேர்ப்பது

அரசுப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிடத்தான் முதலில் தோன்றும். ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அவர்களை ஆலோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி. தினசரி வேலைக்குக் கல்லூரிப் பிள்ளைகள்தான் சரி. சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிற பெண்களும் பையன்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் படிக்கிற அதே பள்ளியில் படித்து வந்தவர்கள் அவர்கள். 'அக்கா', 'அண்ணா' என்று தயக்கமில்லாமல் கூப்பிட முடிகிறவர்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். பாடம் சொல்ல அது சரி. பிள்ளையை அறிந்து கூட நடக்க வேண்டுமென்றால் ஒருவருக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அந்த ஐந்து பேர் வருஷம் முழுக்க அவர் பொறுப்பு. "ஜூன் முதல் மார்ச் வரை வர முடியுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடியாதவர்களைச் சனிக்கிழமை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனியாக வாட்ஸாப் செய்தி கூடாது, தனியாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் சொல்வது தெரிந்தவரின் கடமை, விருப்பம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. அந்த எண் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

மூன்றாம் படி: பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்காதீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் வாசிப்புத் தாள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது: எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சின்னக் கதை. கணக்குத் தாளில் கடன் வாங்கிக் கழிப்பதும், மூன்று இலக்கத்தை ஓர் இலக்கத்தால் வகுப்பதும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்துப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளை இருக்கும். அதிர்ச்சியை முகத்தில் காட்ட வேண்டாம். முடிவை மற்றவர்கள் முன்னால் சொல்லவே கூடாது.

தாளுக்கு அப்புறம் ஒரு கேள்வியை நீங்களாகவே கேளுங்கள்: "0.6 பெருசா, 0.35 பெருசா?" பலர் "0.35" என்பார்கள். தப்பு என்று சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். "முப்பத்தஞ்சு ஆறைவிடப் பெருசுதானே அக்கா" என்று வரும். இப்போது காரணம் கையில் கிடைத்துவிட்டது. தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை ஒரு மீட்டர் நீட்டி, 0.6 மீட்டரையும் 0.35 மீட்டரையும் பிள்ளையையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் அறுபதாம் சென்டிமீட்டரில் ஒரு முறையும் முப்பத்தைந்தில் ஒரு முறையும் நிற்கும்போது விளக்கமே தேவைப்படாது.

நான்காம் படி: தொண்ணூறு நிமிஷத்தைப் பங்கு போடுவது

பசியோடு வருகிற பிள்ளைக்கு எதுவும் ஏறாது. வேகவைத்த நிலக்கடலையோ வாழைப்பழமோ முதலில். மற்றவர்கள் தின்னும்போது யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். இதற்கு இருபது நிமிஷம். அப்புறம் வீட்டுப்பாடம், முப்பது நிமிஷம்தான். கேட்க ஆளிருந்தால் பெரும்பாலான வீட்டுப்பாடம் அதற்குள் முடிந்துவிடும். மீதி நாற்பது நிமிஷம் பள்ளியில் நேரமில்லாமல் விட்டுப்போகும் வேலைக்கு. இந்த நாற்பதை வீட்டுப்பாடம் விழுங்க விட்டால் உங்கள் படிப்பகம் இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: நாற்பது நிமிஷத்தில் என்ன செய்வது?

நம் ஊரில் எங்கே திரும்பினாலும் தென்னை. அதையே பாடமாக்குங்கள். "ஒரு ஏக்கர்ல எத்தனை தென்னை வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தோப்பு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, "எழுபது" என்று சட்டென்று சொல்லும். சரி, எப்படி எழுபது?

மரத்துக்கு மரம் 25 அடி. ஒரு மரத்துக்கு 25 x 25, அதாவது 625 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வகுத்தால் ஏறக்குறைய 69.7; எழுபது சரிதான். இப்போது சதுரமான ஒரு ஏக்கரைப் பேப்பரில் வரையச் சொல்லுங்கள். பக்கம் ஏறத்தாழ 209 அடி வரும். வேலி ஓரத்திலேயே முதல் மரத்தை வைத்தால் வரிசைக்கு 9 மரம், மொத்தம் 81. வேலியிலிருந்து பன்னிரண்டரை அடி தள்ளித் தொடங்கினால் வரிசைக்கு 8, மொத்தம் 64. ஒரே நிலம், மூன்று விடை. எது சரி என்று சண்டை வரும், வரட்டும். ஓரத்து மரத்தின் மட்டை பக்கத்துக்காரர் நிலத்தில் விழும் என்று யாராவது சொல்வார்கள். வகுத்தால் கிடைப்பது சராசரி இடம்தான், நிலத்தின் வடிவம் வேறு விஷயம் என்பதை அவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை.

அடுத்த வகுப்பில் கயிறு எடுத்துக்கொண்டு வாயனசாலை முற்றத்தை அளக்கலாம். நாற்பது அடிக்கு முப்பது அடி என்றால் 1,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, இரண்டே முக்கால் சென்ட். வீட்டில் நிலம் பேசும்போது காதில் விழுகிற 'சென்ட்' அன்றைக்குத்தான் காலடியில் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், முக்கோணமாக நட்டால் அதிக மரம் கொள்ளுமா என்று கேட்டு வையுங்கள். கொள்ளும், நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு.

அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ், மலையாளம் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் 'யுரேகா'. இரண்டிலும் வீட்டுச் சாமானை வைத்தே செய்யக்கூடிய சோதனைகள் வரும்.

ஆறாம் படி: புத்தகமும் மொழியும்

இந்தப் பகுதியில் பிள்ளைகள் எல்லை தாண்டிப் பள்ளி மாறுவது சகஜம். அதனால் இரண்டு மாநிலப் பாடப்புத்தகமும் அலமாரியில் இருக்கட்டும். கேரளம் பாடப்புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. இரு மாநிலப் புத்தகங்களும் இணையத்தில் இலவசம். மலையாளம் தடுமாறுகிற பிள்ளைக்கு மலையாளம் தெரிந்த பிள்ளையை ஜோடி சேர்த்துவிடுங்கள். புரிந்ததைச் சொல்லும்போது தமிழும் மலையாளமும் கலந்து வந்தால் திருத்த வேண்டாம். எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பேச்சும் நோட்டும்

வழிகாட்டியிடம் ஐந்து பிள்ளைக்கும் ஆளுக்கு நாலு பக்கம் உள்ள ஒரு நோட்டு இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு வரி: எதில் நின்றது, எதில் கண் விரிந்தது. வாரம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் பத்து நிமிஷம் தனியாக, ஆனால் மற்றவர்கள் பார்க்கும் இடத்தில், பேசுங்கள். "ஏன் படிக்கல?" என்ற கேள்விக்குத் தலை கவிழ்வதைத் தவிரப் பதில் கிடையாது. "எந்த இடம் வரைக்கும் புரிஞ்சுது?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டும். பேச்சு படிப்பைவிட்டு வீட்டுப் பக்கம் போனால் போக விடுங்கள்.

மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போங்கள். முதல் வார்த்தை நல்லதாக இருக்கட்டும்: "அம்மா, உங்க பொண்ணு நேத்து தோப்புக் கணக்கைப் போர்டுல போட்டுக் காட்டுச்சுங்க." குறை சொல்லத்தான் பள்ளிக்கூடத்து ஆட்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தவர் உங்களை உட்காரச் சொல்வார். தனக்கு எழுத்து தெரியாதே என்று தயங்குகிறவரிடம், "ராத்திரி அஞ்சு நிமிஷம் அது சொல்றதைக் கேளுங்க, அது போதும்ங்க" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே போதும்.

எட்டாம் படி: உதவித்தொகை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகை) தேர்வு உண்டு. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது; ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 சதவீதம் தளர்வு. இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். ஒன்று சிந்தனைத் திறன், மற்றது பாடம். தென்னங்கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு முதல் தாள் பயமாக இருக்காது. பலரைக் கவிழ்ப்பது வருமானச் சான்றிதழ்தான். அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் அப்போதே தொடங்கிவிடலாம்.

கடைசிப் படி: மார்ச்சுக்கு அப்புறம்

ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் முதல் மாதம் வைத்த அதே தாளை மறுபடி வையுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். ஏழு முடித்து வேறு பள்ளி போகிற பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஜூன் முதல் வாரம் வழிகாட்டியும் கூடப் போய், புது வகுப்பாசிரியரைப் பார்த்து அறிமுகப்படுத்திவிட்டு வரட்டும். வீட்டு விஷயங்களை விட்டுவிட்டு, எதில் கெட்டி, எதில் கை கொடுக்க வேண்டும் என்று நோட்டிலிருந்து அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். ஓணப் பரீட்சை வரை காத்திருக்காமல் அந்த டீச்சர் முதல் வாரத்திலேயே பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கலாம்.