கருக்கலைப்பும் மதமும்: முரண்பாட்டைச் சுட்டுவதற்கு முன்

விவாதப் பயிற்சிக்கு வருகிறவர்கள், மத நம்பிக்கையால் கருக்கலைப்பை எதிர்ப்பவரிடம் முரண்பாட்டைக் காட்டும் இந்தத் தலைப்பை எடுத்தாலே, எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள். கத்தாதீர்கள், கிண்டல் செய்யாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

முரண்பாடு கிடைத்ததும் ஜெயித்துவிட்டதாக நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு பயிற்சி விவாதத்தில் ஒருவர் கேட்டார்: “கருவும் முழு மனித உயிர் என்கிறீர்கள். அப்புறம் வன்புணர்வில் உண்டான கருவுக்கு மட்டும் ஏன் விலக்கு?” கேட்டுவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்தார். எதிரணிப் பெண் பதறவே இல்லை. “சரிதான், அந்த விலக்கும் வேண்டாம்” என்றார். எதிராளியை இளக்க வந்தவர் இன்னும் இறுக்கிவிட்டுப் போனார்.

ஒருவருடைய இரண்டு நம்பிக்கைகள் மோதுகின்றன என்று நீங்கள் காட்டலாம். எதைக் கைவிடுவது என்பது அவர் முடிவு. அவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று யோசிக்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

சோதனைக் குழாய்க் கருத்தரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கருவும் மனித உயிர் என்றால், மீந்த கருக்கள் அழிக்கப்படக்கூடிய இந்தச் சிகிச்சையை மட்டும் ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையிடம் இந்தக் கேள்வி எடுபடாது, வத்திக்கான் 1987இலேயே அதையும் மறுத்துவிட்டது. அமெரிக்காவின் அலபாமாவில் கேள்வி நன்றாகவே உறைத்தது. 2024 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உறைய வைத்த கருக்கள் அழிந்தாலும் குழந்தை இறந்ததாகவே கருதி வழக்குத் தொடுக்கலாம் என்றது. கருக்கலைப்பை ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்திருந்த அதே மாநிலம், மார்ச்சிலேயே கருத்தரிப்பு மருத்துவமனைகளைக் காக்கச் சட்டம் போட்டது. கருப்பையில் ஒரு நியாயம், உறைகலனில் இன்னொரு நியாயமா என்று இங்கே தாராளமாகக் கேட்கலாம். கேட்டதன் பலன்? ஜூனில் அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், கருநிலையிலுள்ள உயிரின் மதிப்புக்கு ஒத்துப்போகும் சிகிச்சைகளை மட்டுமே நாடச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. இறுகிய பக்கமே மறுபடியும்.

மரண தண்டனையை இழுப்பது

கருவின் உயிரைக் காக்கச் சொல்கிறவர் மரண தண்டனையை மட்டும் ஏன் ஆதரிக்கிறார் என்று கேட்டால், “குற்றவாளி வேறு, பாவமறியாத சிசு வேறு” என்ற பதில் தயாராக இருக்கும். கத்தோலிக்கர் என்றால் அந்தப் பதிலும் தேவைப்படாது. மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018இல் போப் பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலையே திருத்திவிட்டார். சிகாகோவின் கர்தினால் பெர்னார்டின் 1983இலேயே கருக்கலைப்பு, அணு ஆயுதப் போர், மரண தண்டனை மூன்றையும் ஒரே உயிர்நெறியில் கோத்துப் பேசியவர்.

எல்லா மதத்துக்கும் ஒரே குற்றப்பத்திரிகை

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தாய்க்கே முதலிடம் தருகிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர், கருவுக்குள் ஆன்மா ஊதப்படுவதாகக் கருதும் 120ஆம் நாளை எல்லையாக வைக்கிறார்கள். கருவுற்ற நொடியிலிருந்தே முழு மனிதன் என்று சொல்லாதவரிடம் போய் அந்த முரண்பாட்டைக் காட்டி என்ன பயன்?

எதிராளியின் சொந்த வாழ்க்கை

தொடாதீர்கள்.

பழைய தீர்மானத்தைத் தூசி தட்டுவது

அதே சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1971இல், வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்குப் பாடுபடச் சொன்னது. வரலாறாகச் சொல்லுங்கள், நல்ல விஷயம். இன்றைய உறுப்பினரை இதை வைத்து மடக்கப் பார்த்தால் நடக்காது. முந்தைய மாநாடுகளின் அந்த நிலைப்பாட்டை 2003இல் அவர்களே வருத்தம் தெரிவித்துக் கைவிட்டுவிட்டார்கள்.